பவளம் சுருங்கும்போது: சிறு கடல்நீர்த் தொட்டியில் காரணம் காணும் முறை

வீட்டில் வைக்கப்படும் 40 முதல் 100 லிட்டர் வரையிலான சிறு கடல்நீர்த் தொட்டியில் வாழும் பவளம் தன் குறையைத் தெரிவிக்க மிகச் சில வழிகளே உள்ளன: விரியாமல் சுருங்கிக் கிடத்தல், நிறம் வெளுத்தல் அல்லது பழுப்பேறுதல், தசை எலும்புக்கூட்டை விட்டுப் பின்வாங்குதல், சளியை மிகுதியாகச் சுரத்தல். இக்குறிகளை விளைவிக்கும் காரணங்களோ பலவாகும். உப்பு கூடினாலும் பவளம் சுருங்கும், குறைந்தாலும் சுருங்கும். பக்கத்துப் பவளம் கொட்டினாலும், விளக்கு மாற்றப்பட்டாலும், நத்தை ஒன்று இரவில் கடித்தாலும், சில இனங்களில் எக்குறையும் இன்றிப் பழைய மேற்தோலைக் கழற்றும் பருவம் வந்தாலும் அதே சுருக்கமே தோன்றும். எனவே குறியைக் கண்ட அன்றே மருந்தோ புதிய வடிகட்டிப் பொருளோ வாங்கிச் சேர்ப்பது பிழையான தொடக்கமாகும். சிறு தொட்டிகளில் பவளம் இறப்பதற்கு முதலில் நேர்ந்த குறையைவிட, அதைப் போக்கும் பதற்றத்தில் ஒரே வாரத்தில் செய்யப்படும் மூன்று நான்கு மாற்றங்களே பல வேளைகளில் காரணமாகிவிடுகின்றன. அளந்து பார்த்தபின் ஒன்றை மட்டும் மாற்றி, அதன் விளைவு தெரியும்வரை காத்திருப்பதே இவ்வத்தியாயம் முழுவதிலும் வலியுறுத்தப்படும் முறை.

குறிகளைச் சரியாகப் படிக்கப் பவளத்தின் உடலமைப்பைச் சிறிதளவு அறிந்திருத்தல் வேண்டும். பவளக் கூட்டம் என்பது பாலிப் எனப்படும் சிற்றுயிர்கள் பல இணைந்து வாழ்வது. ஒவ்வொரு பாலிப்பும் ஒரு வாயையும், அதைச் சுற்றிக் கொட்டும் செல்கள் நிறைந்த உணர்கைகளையும் உடைய மெல்லிய தசைப்பை ஆகும். கல் பவளங்களில் இத்தசை, தானே சுரந்து கட்டிய கால்சியம் கார்பனேட் எலும்புக்கூட்டின்மேல் போர்த்தியிருக்கும். மென்பவளங்களில் அத்தகைய கூடு இல்லை. தசைக்குள் சூசாந்தெல்லா எனப்படும் ஒற்றைச்செல் பாசிகள் குடியிருந்து, ஒளிச்சேர்க்கையால் தாம் உண்டாக்கும் உணவின் பெரும்பகுதியைப் பவளத்துக்குத் தருகின்றன. பவளத்தின் பழுப்புச் சாயல் பெரும்பாலும் இப்பாசிகளின் நிறமே. நீர் மிகவும் சூடாகும்போதோ ஒளி திடீரென மிகும்போதோ பவளம் இப்பாசிகளை வெளியேற்றிவிடுகிறது. அதையே வெளுப்பு என்கிறோம். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவில் பரவலாக நேர்ந்ததும், கோடையில் விசிறி பழுதான ஒரு வீட்டுத் தொட்டியில் நேர்வதும் இயல்பில் ஒன்றே.

வெளுத்த பவளமும் இறந்த பவளமும் தொலைவிலிருந்து ஒன்றுபோல் வெண்மையாகத் தெரிவதால், பிழைக்கக்கூடிய பவளங்கள் பல குப்பைக்குப் போகின்றன. கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்து, உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே பார்த்தால் வேறுபாடு புலப்படும். வெளுத்த பவளத்தில் எலும்பின்மேல் கண்ணாடி போன்ற தசைப்படலம் இருக்கும், எலும்பின் கூர்விளிம்புகள் அதற்கடியில் மழுங்கித் தெரியும், இரவில் உணர்கைகள் சிறிதேனும் வெளிவரும். இறந்த பகுதியில் எலும்பின் வரம்புகள் சொரசொரப்பாக அப்படியே நிற்கும். சில நாள்களில் அதன்மேல் பச்சையோ பழுப்போ ஆன பாசிப்படலம் படரத் தொடங்கும். தசை இருக்கும்வரை நம்பிக்கை உண்டு. அத்தகைய பவளத்துக்கு ஒளியைக் குறைத்து, நுண்ணிய உணவைச் சிறிதளவு ஊட்டி, வாரங்களும் சில வேளை மாதங்களும் காத்திருக்க வேண்டும்.

சட்டம் குறித்தும் இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுவது முறை. இந்தியாவில் கல் பவளங்கள் அனைத்தும், கடல் விசிறி, கரும்பவளம், தீப்பவளம் முதலியவற்றுடன், 1972 ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001 இல் சேர்க்கப்பட்டுப் புலி, யானைக்கு நிகரான பாதுகாப்பைப் பெற்றவை. பாக் நீரிணையிலிருந்தோ மன்னார் வளைகுடாவிலிருந்தோ ஒரு துண்டைக்கூட எடுக்கக் கூடாது. அவ்வாறு எடுத்து விற்பவரிடம் வாங்கவும் கூடாது. கல் பவளங்களைப் பற்றி இவ்வத்தியாயத்தில் கூறப்படுபவை, பண்ணையில் துண்டம் வைத்து வளர்க்கப்பட்டு உரிய ஆவணத்துடன் விற்கப்படும் நாடுகளில் வாழ்வோருக்கே பொருந்தும்.

ஒன்றா, எல்லாமா?

ஆய்வின் முதற்கேள்வி, எத்தனை பவளங்கள் பாதிக்கப்பட்டுள்ளன என்பதே. தொட்டி முழுவதும் ஒரே நாளில் சுருங்கியிருந்தால் காரணம் நீரில் உள்ளது. ஒன்று மட்டும் சுருங்கி மற்றவை விரிந்திருந்தால் அதன் இடத்திலோ, அண்டையிலோ, அதன் உடலிலோ தேட வேண்டும். மென்பவளங்கள் நலமாக இருக்க, அக்ரோபோரா, மாண்டிபோரா போன்ற சிறிய பாலிப் உடைய கல் பவளங்கள் மட்டும் நலிந்தால், ஆல்கலினிட்டி எனப்படும், பின்னர் விளக்கப்படும் அளவையே முதலில் ஐயுற வேண்டும். பவளங்களுக்கு முன்பாக இறால்கள் இறந்தால் நஞ்சு கலந்ததோ என்று பார்க்க வேண்டும்.

அடுத்து, குறி உடலின் எப்பகுதியில் தொடங்கியது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். கிளை நுனியில் தசை எரிந்ததுபோல் வெள்ளெலும்பு தெரிந்தால் உயர்ந்த ஆல்கலினிட்டியும் மிகத் தூய்மையான, சத்தற்ற நீரும் சேர்ந்திருக்கக் கூடும். அடிப்பகுதியிலிருந்து தசை மேலேறினால் போதிய ஒளியோ நீரோட்டமோ எட்டாமை, ஆல்கலினிட்டி சரிவு, தட்டைப்புழு ஆகியவை நினைவுக்கு வர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வெந்திருந்தால் அப்பக்கத்து அண்டைப் பவளமே பெரும்பாலும் காரணம். வட்ட வட்டமான சிறு திட்டுகள் ஒட்டுண்ணியின் கடித்தடங்கள்.

இயல்பான சுருக்கங்களும் உண்டு. சார்கோஃபைட்டான் என்னும் தோல் பவளம், ஒரு வாரமோ அதற்குச் சற்று மேலோ பாலிப்புகளை உள்ளிழுத்துக்கொண்டு, மெழுகு பூசியதுபோன்ற பளபளப்புடன் குன்றிக் கிடக்கும். பின்னர் அம்மெழுகுப் படலம் கிழிந்து, பாசியும் தூசும் ஒட்டிய தோலாக நீரில் மிதந்து விலகும். அதன்பின் முன்னிலும் செழிப்பாக விரியும். இக்காலத்தில் அதன்மீது நீரோட்டம் சற்றுக் கூடுதலாகப் படுமாறு செய்வதைத் தவிர வேறொன்றும் தேவையில்லை. புதிதாக வாங்கி வந்த பவளம் ஓரிரு வாரம் முழுமையாக விரியாமல் இருப்பதும் இத்தகையதே.

உப்பும் வெப்பமும்

இயற்கைக் கடல்நீரின் உப்பளவு ஏறக்குறைய 35 பி.பி.டி., அதாவது ஆயிரம் கிராம் கடல்நீரில் 35 கிராம் உப்பு. 25 டிகிரி செல்சியஸில் இதன் ஒப்படர்த்தி 1.026. தொட்டி நீர் ஆவியாகும்போது நீர் மட்டுமே போகிறது, உப்பு தங்கிவிடுகிறது. 60 லிட்டர் தொட்டியில் பாறையும் மணலும் போக உண்மையில் இருப்பது 50 லிட்டர் நீர் எனக் கொண்டால், வீட்டார் வெளியூர் சென்ற இரண்டு மூன்று நாளில் 3 லிட்டர் ஆவியானால் உப்பளவு 35 இலிருந்து 37 ஐக் கடந்துவிடும். அவர்கள் திரும்பி வந்தவுடன் 3 லிட்டர் நன்னீரை ஒரே மூச்சில் ஊற்றினால் ஏறிய உப்பு நொடியில் இறங்கி, பவளம் இருமுறை அடிபடுகிறது. இழந்த நீரை நாள்தோறும், இயலுமானால் மிதவையுடன் கூடிய தானியங்கிக் கருவியால், நன்னீர் கொண்டே நிரப்ப வேண்டும். உப்பு நீரால் நிரப்புவது உப்பை மேன்மேலும் ஏற்றும்.

உப்பளவை அளக்கும் ரெஃப்ராக்டோமீட்டரே பிழை காட்டும் வேளைகள் ஏராளம் என்பதால், பவளம் சுருங்கியதும் முதலில் ஐயுற வேண்டியது அக்கருவியையே. வெறும் தூய நீரை வைத்துச் சுழியத்தில் நிறுத்திய கருவி, 35 என்னும் மேற்புள்ளியில் சரியாகக் காட்டும் என்பதற்கு உறுதி இல்லை, 35 பி.பி.டி. திட்டக் கரைசலைக் கொண்டே அதைச் சரிசெய்ய வேண்டும். கரைசல் கிடைக்காதபோது, நன்கு உலர்ந்த தூய சோடியம் குளோரைடு 36.5 கிராமை 963.5 கிராம் தூய நீரில் கரைத்தால், அது ரெஃப்ராக்டோமீட்டரில் 35 பி.பி.டி. கடல்நீருக்கு ஒப்பான அளவைக் காட்டும். ஈரம் ஏறிய கல் உப்பு இதற்கு உதவாது. ஊசி அசையும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில் ஒரு சிறு காற்றுக்குமிழி ஒட்டினாலும் அளவு பிறழும். உப்பு கூடியோ குறைந்தோ இருப்பது உறுதியானால், நாளொன்றுக்கு ஒரு பி.பி.டி.க்கு மேல் மாறாதவாறு பல நாள்களில் நேராக்க வேண்டும்.

நிரப்பும் நீரின் தரம் பற்றியும் கவனம் தேவை. ஆழ்குழாய் நீரில் கரைந்த உப்புகளும், குழாய் நீரில் குளோரினும், பழைய செம்புக் குழாய்களிலிருந்து கரையும் செம்பும் இருக்கக்கூடும். ஆர்.ஓ. சவ்வைக் கடந்த நீர் அயனிநீக்கப் பிசினையும் கடந்து, கரைந்த பொருள்களை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் சுழியத்தைக் காட்ட வேண்டும். குடிப்பதற்கென வீடுகளில் வைக்கப்படும் ஆர்.ஓ. கருவிகள் பலவற்றில் சுவைக்காகத் தாதுக்கள் மீண்டும் சேர்க்கப்படுவதால் அந்நீர் தொட்டிக்கு ஏற்றதன்று.

வெப்பத்தை 24 முதல் 27 டிகிரி செல்சியஸுக்குள், அதிலும் ஒரே நாளில் ஒரு டிகிரிக்கு மேல் ஏறி இறங்காமல் வைத்திருப்பது நலம். சென்னை, யாழ்ப்பாணம், சிங்கப்பூர் போன்ற கடலோர ஊர்களில் ஹீட்டரைவிடக் குளிர்விக்கும் ஏற்பாடே இன்றியமையாதது. நீர்ப்பரப்பின்மேல் வீசும் சிறு விசிறி ஆவியாதலால் நீரைக் குளிர்விக்கிறது. காற்றில் ஈரப்பதம் மிகுந்த நாள்களில் அதன் பயன் குறைவதோடு, ஆவியாகும் நீரை ஈடுசெய்யும் பொறுப்பும் கூடுகிறது. சூடான நீரில் உயிர்வளி குறைவாகவே கரையும். ஆகவே கோடை மின்தடையில் உயிர்களை முதலில் தாக்குவது மூச்சுத்திணறலே. மின்கலத்தால் இயங்கும் காற்றுப் பம்பு ஒன்றை எப்போதும் தயாராக வைத்திருப்பது எந்த மருந்தையும்விடப் பயன் தருவது.

ஆல்கலினிட்டி என்னும் மறைவான காரணம்

ஆல்கலினிட்டி என்பது நீரில் கரைந்துள்ள பைகார்பனேட், கார்பனேட் முதலியவற்றால் அந்நீருக்கு அமிலத்தைத் தாங்கும் ஆற்றல் எவ்வளவு உள்ளது என்பதைக் காட்டும் அளவு. தொட்டி வளர்ப்போர் இதை டி.கே.எச். என்னும் அலகில் குறிப்பர். இயற்கைக் கடல்நீரில் இது ஏறக்குறைய 7. தொட்டிகளில் 7 முதல் 9 வரை வைப்பது பொருத்தம். கல் பவளம் எலும்பு கட்டக் கால்சியத்தையும் கார்பனேட்டையும் சேர்த்தே எடுக்கிறது. ஆனால் அதன் விளைவு இரண்டிலும் ஒரே அளவாகத் தெரிவதில்லை. ஆல்கலினிட்டி 8 இலிருந்து 5.2 ஆகச் சரியும் அதே எலும்புக்கட்டுமானத்தில் கால்சியம் 420 பி.பி.எம். இலிருந்து 400 ஆக மட்டுமே குறைகிறது. முன்னது பவளத்துக்கு ஆபத்து. பின்னது கவனத்துக்கே வராத மாற்றம். கால்சியம் சரியாக உள்ளது என்று அமைதியடைந்தவர் தொட்டியில் அக்ரோபோரா அடிப்பகுதியிலிருந்து உரிந்து போவதற்கு இதுவே பல வேளைகளில் காரணம். எனவே ஒரே ஒரு சோதனைக்குத்தான் நேரமும் பணமும் உண்டு என்றால் ஆல்கலினிட்டிச் சோதனையையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

அதை ஒருமுறை அளப்பதால் பாதிச் செய்தியே கிடைக்கும். எதுவும் சேர்க்காமல், மூன்று நாள் ஒரே வேளையில் அளந்தால் தொட்டி நாளொன்றுக்கு எவ்வளவு செலவிடுகிறது என்பது தெரியும். 50 லிட்டர் நீரில் ஆல்கலினிட்டியை ஒரு டி.கே.எச். உயர்த்த ஏறக்குறைய 1.5 கிராம் சோடியம் பைகார்பனேட், அதாவது ஆப்ப சோடா, போதும். தொட்டி நாளுக்கு 0.4 டி.கே.எச். செலவிடுமானால் நாளுக்கு 0.6 கிராம் என்று கணக்கிட்டு, அதைத் தூய நீரில் கரைத்து, நீரோட்டம் மிக்க இடத்தில் மெல்ல ஊற்ற வேண்டும். பேக்கிங் பவுடர் என்பது அமிலப்பொருள் கலந்த வேறு பண்டம். அதைத் தொட்டியில் இடவே கூடாது. சரிந்த அளவை மீட்கும்போதும் நாளொன்றுக்கு அரை டி.கே.எச். அளவே உயர்த்துவது பாதுகாப்பு. 6 இல் நிலையாக இருந்த தொட்டியைவிட 6 இலிருந்து ஒரே இரவில் 9 க்கு உயர்த்தப்பட்ட தொட்டியில் இழப்பு மிகுதி. எவ்வளவு சேர்த்தும் ஆல்கலினிட்டியும் கால்சியமும் நிலைகொள்ளாவிட்டால் மெக்னீசியத்தை அளக்க வேண்டும். அது 1250 முதல் 1350 பி.பி.எம். வரை இல்லையெனில் சேர்த்த பொருள் பயன்படாமல் சுண்ணமாகப் படிந்துவிடும்.

நீர்மாற்றம் எப்போதும் நன்மையே செய்யும் என்ற பரவலான நம்பிக்கை இவ்விடத்தில் தடுமாறுகிறது. பவளங்களுக்கென விற்கப்படும் உப்புகளில் சில, கரைத்தபோது 11 அல்லது 12 டி.கே.எச். தருவன. தொட்டி 7.5 இல் இருக்க, 11.5 உள்ள புதுநீரால் பத்தில் ஒரு பங்கை மாற்றினால் உயர்வு 0.4 மட்டுமே, அதனால் தீங்கில்லை; பவளம் சுருங்கியதே என்று பதறிப் பாதி நீரை மாற்றினால் சில நிமிடங்களில் 2 டி.கே.எச். உயர்ந்துவிடும். நோயுற்ற பவளத்துக்கு இது இரண்டாவது அடி. நஞ்சு கலந்தது உறுதியான நிலையிலன்றிப் பெரிய நீர்மாற்றம் கூடாது; செய்ய நேர்ந்தால் புதுநீரின் உப்பு, வெப்பம், ஆல்கலினிட்டி மூன்றும் பழைய நீருக்கு ஒத்திருக்குமாறு முன்னரே அமைத்துக்கொள்ள வேண்டும்.

சத்து: மிகையும் வறட்சியும்

நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மீனுணவு, கழிவு ஆகியவற்றிலிருந்து சேர்பவை. மிகுந்தால் பாசி பெருகும். பவளத்தின் உள்ளிருக்கும் சூசாந்தெல்லாவும் பெருகி, வண்ணப் பவளங்கள் பழுப்பேறும். முற்றிலும் இல்லாது போனாலோ பவளம் வெளிறி மெலியும்; மணல்மேல் குமிழிகளுடன் கூடிய பழுப்புச் சளி இழைகளாக டைனோஃபிளஜெல்லேட் என்னும் நுண்ணுயிர்கள் படர்ந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நைட்ரேட் 2 முதல் 15 பி.பி.எம்., பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பி.பி.எம். வரை இருப்பது பெரும்பாலான கலப்புத் தொட்டிகளுக்கு ஏற்றது. இரும்பு கலந்த பாஸ்பேட் நீக்கியைப் பொட்டலத்தில் சொல்லப்பட்ட அளவு முழுவதும் ஒரே நாளில் இட்டு, உயர்ந்திருந்த பாஸ்பேட்டைச் சுழியத்துக்கு வீழ்த்துவது, சிறு தொட்டியில் அடிக்கடி நேரும் தவறு. கால்பங்கில் தொடங்குவதே தகும். அம்மோனியா மட்டும் எப்போதும் சுழியமாக இருக்க வேண்டும். அது தென்பட்டால் பாறை இடுக்கில் இறந்து கிடக்கும் நத்தையையோ மீனையோ தேடுக.

ஒளி, ஓட்டம், அண்டை

ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளியைப் பி.ஏ.ஆர். மீட்டர் அளக்கிறது. மென்பவளங்களுக்கு 50 முதல் 150 வரையும், யூஃபில்லியா போன்ற பெரிய பாலிப் கல் பவளங்களுக்கு ஏறக்குறைய அதே அளவும், அக்ரோபோராவுக்கு 200 முதல் 350 வரையும் போதுமானவை. இக்கால எல்.இ.டி. விளக்குகளின் நீல ஒளி கண்ணுக்கு மங்கலாகத் தோன்றினும் பவளத்துக்கு வலியது. கைபேசிச் செயலிகள் நீல ஒளியைச் சரியாக அளப்பதில்லை. மேற்பகுதி மட்டும் வெளுப்பது ஒளி மிகுதியின் அடையாளம். தண்டு நீண்டு விளக்கை நோக்கி எட்டுவது ஒளிக்குறைவின் அடையாளம். புது விளக்கைப் பாதி வலிமையில் தொடங்கி மூன்று நான்கு வாரங்களில் உயர்த்த வேண்டும். பவளத்தை ஓரிடத்தில் வைத்து மறுநாளே இடம் மாற்றும் பழக்கம் கைவிடப்பட வேண்டும்.

நீரோட்டத்தில் யூஃபில்லியாவின் உணர்கைகள் மெல்ல அசைய வேண்டும். ஒரே திசையில் படிந்து கிடந்தால் ஓட்டம் மிகை, எலும்பின் விளிம்பில் தசை உரசிக் கிழியும். அக்ரோபோராவுக்கு வலிய, திசை மாறும் ஓட்டமே உகந்தது.

சிறு தொட்டியின் தனிப்பெரும் சிக்கல் இட நெருக்கடி. கலாக்ஸியா, யூஃபில்லியா போன்றவை இரவில் தம் உடலைவிட நீளமான கொட்டுக்கைகளை நீட்டி அண்டையைத் தாக்கும். பகலில் பார்ப்பவருக்கு அவற்றின் சுவடே தெரியாது. விளக்கணைந்து இரண்டு மணி நேரம் கழித்துச் செந்நிறக் கைவிளக்கால் பார்த்தால், நூல்போன்ற வெளிறிய கைகள் நுனியில் சிறு குமிழுடன் ஓட்டத்தில் மிதப்பதைக் காணலாம். அண்டைப் பவளத்தின் ஒரு பக்கம் மட்டும் வெந்திருப்பதன் காரணம் அப்போது புரியும். பதினைந்து சென்டிமீட்டர் இடைவெளி குறைந்தபட்சத் தேவை. கலாக்ஸியாவுக்கு அதுவும் போதாது, அதைச் சிறு தொட்டியில் வைக்காதிருத்தலே நன்று. தோல் பவளங்கள் கொட்டுவதில்லை, மாறாக டெர்பீன் என்னும் வேதிப்பொருள்களை நீரில் கலந்து கல் பவளங்களின் வளர்ச்சியை ஒடுக்குகின்றன. அவற்றைச் சேர்த்து வளர்ப்போர் ஆக்டிவேட்டட் கார்பனை வடிகட்டியில் வைத்துச் சில வாரத்துக்கு ஒருமுறை மாற்றிவர வேண்டும்.

ஒட்டுண்ணியும் நஞ்சும்

இரவுப் பார்வையில் பாறையிடுக்கிலிருந்து வெளிவரும் மயிர்ப்புழுக்களைக் கண்டு அவற்றையே குற்றவாளியாகக் கொள்வது வழக்கம். அவை பெரும்பாலும் ஏற்கனவே இறந்த தசையைத் தின்று துப்புரவு செய்பவை. உண்மையான எதிரிகள் எளிதில் கண்ணில் படுவதில்லை. அக்ரோபோராவைத் தின்னும் தட்டைப்புழு அப்பவளத்தின் நிறத்தையே கொண்டிருக்கும். அதன் கடித்தடங்களான வெளிறிய வட்டங்களும், அடியில் தசையற்ற எலும்பின்மேல் ஒட்டிய பழுப்பு முட்டைத் திரள்களுமே அதைக் காட்டிக்கொடுக்கும். மாண்டிபோராவின் அடிப்பக்கத்தில் சில மில்லிமீட்டர் நீளமுள்ள வெண்ணிற ஓடிலி நத்தைகள் இருக்கலாம். சோவாந்தஸ் பவளத்தில் அதன் உணர்கைகளையே ஒத்த தோற்றமுடைய ஓடிலி நத்தை மறைந்திருக்கும். தொட்டி நீர் எடுத்த கிண்ணத்தில் பவளங்களுக்கான அயோடின் கரைசலையோ அதற்கென விற்கும் குளியல் மருந்தையோ குறித்த அளவில் கலந்து, சில நிமிடம் பவளத்தை அதில் ஆழ்த்தி, சிறு குழாயால் நீரைப் பீய்ச்சி, வேறொரு கிண்ணத்தில் அலசியபின் தொட்டியில் இட வேண்டும். குளியல் நீரைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. மருந்து முட்டைகளைக் கொல்வதில்லை என்பதால் அவற்றைக் கத்தியால் சுரண்டி எடுத்து, வாரம் ஒருமுறை எனப் பலமுறை குளியலைத் திரும்பச் செய்ய வேண்டும். புதிதாக வாங்கும் ஒவ்வொரு துண்டத்தையும் முதலிலேயே இவ்வாறு குளிப்பாட்டி, அது ஒட்டி வந்த தட்டை எறிந்துவிடுவது பின்வரும் துன்பத்தைப் பெரிதும் தவிர்க்கும்.

நஞ்சு பெரும்பாலும் வீட்டிலிருந்தே வருகிறது. கொசுவர்த்தி, கொசு விரட்டித் திரவம், கரப்பான் மருந்துத் தெளிப்பு ஆகியவற்றில் பயன்படும் பைரெத்ராய்டு வகைப் பொருள்கள் மீனுக்கும் இறால் இனத்துக்கும் கடும் நஞ்சு. காற்றுப் பம்பு அந்த அறைக்காற்றையே நீருக்குள் செலுத்துகிறது. மீன்களுக்கு இடப்படும் செம்பு மருந்து முதுகெலும்பற்ற உயிர்களைக் கொல்வதோடு பாறையிலும் படிந்து நிற்கும். பாசி சுரண்டும் காந்தத்தின் உறை வெடித்து உள்ளே துருப்பிடித்திருப்பதும், கை கழுவிய சோப்போ எண்ணெயோ ஒட்டிய கையைத் தொட்டியில் இடுவதும் அடிக்கடி கவனத்துக்குத் தப்புபவை. நஞ்சு என்று உறுதியானால் மூலத்தை அகற்றி, புதிய ஆக்டிவேட்டட் கார்பன் இட்டு, ஒத்த தன்மையுள்ள நீரால் பெரிய நீர்மாற்றம் செய்யலாம்.

பவளத்தைக் கையாளும் மனிதருக்கும் ஆபத்து உண்டு. சோவாந்தஸின் உறவான பாலிதோவா உள்ளிட்ட சில பவளங்களில் பாலிடாக்சின் என்னும் மிகக் கொடிய நஞ்சு இருக்கிறது. அவற்றை வெட்டும்போதோ தேய்க்கும்போதோ கையுறையும் கண்காப்பும் அணிவது கட்டாயம். புண்பட்ட கையால் தொடவே கூடாது. அவை படர்ந்த பாறையைக் கொதிநீரில் இட்டுத் தூய்மை செய்ய முயன்றால் ஆவியோடு கிளம்பும் நஞ்சு வீட்டிலுள்ள அனைவரையும் மருத்துவமனைக்கு அனுப்பக்கூடும். மூச்சுத்திணறல், காய்ச்சல், வாயில் உலோகச் சுவை போன்றவை தோன்றினால் உடனே மருத்துவரிடம் சென்று, பவளத்தைக் கையாண்டதைத் தவறாமல் கூற வேண்டும்.

காத்திருப்பது தவறாகும் நோய்

இதுவரை கூறப்பட்ட பொறுமை ஒரு நிலையில் மட்டும் பொருந்தாது. யூஃபில்லியாவின் ஒரு தலையில் பழுப்புக் கூழ் போன்ற பொருள் திரண்டு, தசை அதற்கடியில் கரைந்து, வெளியே எடுத்தால் அழுகல் நாற்றம் வீசுமானால் அது பழுப்புக்கூழ் நோய். உருப்பெருக்கியில் பார்த்தால் அக்கூழில் எண்ணற்ற சிலியேட் நுண்ணுயிர்கள் நெளியும். ஓரிரு நாளில் ஒரு கூட்டம் முழுவதையும் அழித்து, நீரோட்டத்தில் மிதக்கும் கூழ்த்துணுக்குகள் வழியே பக்கத்துக் கூட்டத்துக்கும் அது பரவும். கண்ட உடனே பம்புகளை நிறுத்தி, மெல்லிய குழாயால் கூழை உறிஞ்சி வெளியே கொட்டி, பவளத்தை ஒரு கிண்ணத்தில் வைத்தபடியே நீருக்குள்ளிருந்து எடுக்க வேண்டும். பாதிக்கப்பட்ட தலையை, நலமான தசைக்குச் சற்று அப்பால் எலும்பு மட்டும் உள்ள கிளையில் வெட்டி நீக்கி, மீதியை அயோடின் குளியலில் ஆழ்த்தி, தனிக்கலத்தில் அதே உப்பும் வெப்பமும் உள்ள நீரில், குறைந்த ஒளியில் வைத்துக் கவனிக்க வேண்டும். கூழ் மீண்டும் தோன்றாமல் இரண்டு வாரமாவது கடந்து, வெட்டிய விளிம்பில் தசை உருண்டு மூடி, உணர்கைகள் பகலில் முன்போல் நீளத் தொடங்கிய பின்னரே அதைப் பழைய தொட்டிக்கு, முதலில் அடித்தளத்தில், மீண்டும் கொண்டுவரலாம்.